வண்ணத்துப்பூச்சியின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன், குழுவில் தொடரலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஆரியங்காவில் இருக்கிறது. தென்காசிப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியில் இளங்கலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பறவைகளையும் பூச்சிகளையும் படம் எடுத்துப் பகிரும் இணையக் குழு ஒன்றில் தோழி என்னைச் சேர்த்துவிட்டாள். தமிழரும் மலையாளிகளும் கலந்த குழு அது. எல்லோரும் அன்பாகவே பேசுகிறார்கள். முதன்முதலாக நான் இட்ட வண்ணத்துப்பூச்சிப் படத்துக்கு கிரிம்சன் ரோஸ் என்று பெயர் எழுதினேன். அது காமன் மார்மன் பெண் என்று ஒருவர் திருத்தினார். விலங்கியல் படிப்பவளுக்கே தெரியவில்லையா என்று நினைப்பார்களே என வெட்கப்பட்டுப் படத்தை நீக்கிவிட்டேன். இந்தக் குழுவில் தொடர்வதால் படிப்புக்குப் பயன் உண்டா, அல்லது இது பொழுதுபோக்கு மட்டும்தானா? என் ஆங்கிலமும் சுமார்தான். முகம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு என்று அப்பா வேறு கேட்கிறார்.
(ஒரு மாணவி, ஆரியங்காவு)

பதில்: தொடருங்கள். நீக்கிய படத்தை மீண்டும் இடுங்கள். முதலில் நீங்கள் எழுதிய பெயரையும், அப்படி எழுத உங்களைத் தூண்டிய அடையாளங்களையும் சேர்த்தே இடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை உங்கள் படத்தை வைத்தே விளக்குகிறேன், ஏனென்றால் நீங்கள் வெட்கப்படும் அந்தப் பிழையைச் சுற்றி விலங்கியலில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது.

கிரிம்சன் ரோஸின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளையையும் அதன் உறவுக் கொடிகளையும் தின்று வளர்கின்றன. அந்தக் கொடிகளின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, சிறகு முளைத்த பிறகும் நீடிப்பதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நாடுவதில்லை. காமன் மார்மனின் புழுக்களோ எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இலைகளைத் தின்பவை; அவற்றிடம் அப்படிப்பட்ட நஞ்சு கிடையாது. ஆனால் காமன் மார்மனில் பெண் பூச்சிகள் நம் பகுதியில் மூன்று தோற்றங்களில் வருகின்றன: ஒன்று ஆணைப் போலவே இருக்கும், ஒன்று காமன் ரோஸ் என்ற இன்னொரு நஞ்சுள்ள பூச்சியைப் போல இருக்கும், மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல இருக்கும். நஞ்சில்லாத பூச்சி நஞ்சுள்ள பூச்சியின் தோற்றத்தைக் கொண்டு பறவைகளிடமிருந்து தப்பும் இந்த ஏற்பாட்டை, அமேசான் காடுகளில் பல்லாண்டுகள் சேகரித்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் விளக்கினார். நீங்கள் பாடத்தில் படித்திருக்கும் பேட்ஸிய ஒப்புருவாக்கம் இதுதான். ஒரே தாயின் பெண் குஞ்சுகள் வெவ்வேறு தோற்றத்தில் எப்படிப் பிறக்கின்றன என்ற கேள்வி அதன் பிறகும் நெடுங்காலம் தீராமல் இருந்தது. டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவே இந்த வேறுபாட்டை ஆள்கிறது என்று 2014இல் இந்திய அறிவியலாளர் கிருஷ்ணமேக் குந்தேயும் அவருடைய கூட்டாளிகளும் காமன் மார்மனை வைத்தே காட்டினார்கள். பறவையின் கண்ணை ஏமாற்றுவதற்கென்று எண்ணற்ற தலைமுறைகளாகத் திருந்திவந்த ஓர் உருவம், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் கண்ணையும் ஏமாற்றியிருக்கிறது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் சிறகைச் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். பார்க்காமல் விட்டது உடலை: ரோஸ் இனங்களுக்குத் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு இருக்கும், மார்மனுக்கு உடல் கறுப்பாகவே இருக்கும். அடுத்த முறை மேலிருந்து ஒரு படம் எடுத்ததோடு நின்றுவிடாமல், பக்கவாட்டிலிருந்து உடல் தெரியும்படியும் ஒன்று எடுங்கள்.

இப்போது அந்தக் குழுவைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் அன்பாகப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்லதுதான்; புதிதாக வருபவரை விரட்டாத இடம் என்பதற்கு அது அடையாளம். ஆனால் அறிவியல் படிக்கும் ஒருவர் நட்பான குழுவை அடையாளம் காண வேண்டியது பேச்சின் இனிமையை வைத்து அல்ல, தவறான பெயர் ஒன்று வரும்போது அங்கே என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான். உங்களைத் திருத்தியவரிடம், 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று நீங்கள் கேட்டிருக்கலாம். உடல் கறுப்பு, ஆகையால் மார்மன் என்று அவர் பதில் சொல்லியிருந்தால், நீங்கள் ஒரு பெயரோடு சேர்த்து ஒரு வழிமுறையையும் பெற்றிருப்பீர்கள். காரணம் கேட்டால் எரிச்சலடையும் குழுவில் இருந்து உங்களுக்குப் பயனில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகும் குழுவிலும் பயனில்லை. என் பார்வையில் மாணவர்களுக்குக் கூடுதல் கேடு செய்வது இந்த இரண்டாவது வகைதான், ஏனென்றால் அங்கே பிழை அன்பின் பெயரால் அப்படியே நிலைத்துவிடுகிறது. சான்றைக் கேட்கவும், கேட்டால் கொடுக்கவும் தயங்காத நான்கைந்து பேர் உங்கள் குழுவில் இருந்தாலே போதும்.

இதே அளவுகோல் உங்களுக்கும் பொருந்தும். உயிரினங்களின் படங்களை இட்டுப் பலரும் சேர்ந்து பெயர் கண்டறியும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத் தளத்தில் படம், தேதி, இடம் ஆகிய மூன்றும் உள்ள ஒரு பதிவுக்குக் குறைந்தது இருவர் ஒரே இனப்பெயரைச் சொல்லி, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அதற்கு உடன்பட்டால், அப்பதிவு ஆய்வுத் தரம் என்ற நிலையை அடைகிறது. அதன் பிறகு, உரிமம் இடங்கொடுத்தால், உலகளாவிய உயிரினத் தரவுத்தொகுப்புக்கும் சென்றுசேர்கிறது. இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. மூத்த ஒருவர் பெயர் சொன்னதும், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இன்னொருவர் உடன்பாட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால், ஒரே ஒருவருடைய கருத்து இருவருடைய சான்றாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆகவே படத்தைப் பார்த்து நீங்களே அந்தப் பெயருக்கு வந்திருக்க முடியும் என்றால் மட்டுமே உடன்படுங்கள். இனம் உறுதியாகத் தெரியாதபோது பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்திக்கொள்வது குறையல்ல. மூத்தவரின் முடிவில் ஐயம் இருந்தால் அதைப் பணிவாக, அடையாளத்தைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்; வகுப்பில் பேராசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை இங்கே கேட்டுப் பழகுவது, பின்னால் வாய்மொழித் தேர்விலும் கருத்தரங்கிலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேட்ட குரலை வைத்துப் பதிவு செய்யும்போது இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் ஊரில் 'குட்ரூ, குட்ரூ' என்று காலையெல்லாம் கேட்கும் குக்குறுவானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈர மலைப்பகுதியில் அது பெரும்பாலும் வெள்ளைக் கன்னம் உள்ள சிறிய இனமாக இருக்கும்; ஆனால் பழுப்புத் தலையும் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலும் உள்ள பெரிய இனத்தின் குரலும் ஏறக்குறைய அதே போலத்தான் ஒலிக்கும். மலையும் வறண்ட சமவெளியும் சந்திக்கும் உங்கள் பகுதியில் எந்தப் பக்கம் எது என்று ஊகத்தால் எழுதிவிடக் கூடாது. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து இணையுங்கள், பறவையைக் கண்ணால் கண்டீர்களா இல்லையா என்பதையும் குறிப்பிடுங்கள்.

இது படிப்பா பொழுதுபோக்கா என்ற உங்கள் கேள்விக்கு, எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பதுதான் பதில். அழகான படம் கிடைத்த நாளில் மட்டும் பதிவிட்டால் அது பொழுதுபோக்கு. அதிலும் தவறு எதுவும் இல்லை. ஆனால் கண்ட பறவைகளைப் பதியும் ஈபேர்ட் என்ற இணையத் தளத்தில் முழுப் பட்டியல் என்று ஒன்று உண்டு: எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும், காகம் மைனா உட்பட, விடாமல் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு செய்தியைச் சொல்கிறது. முழுப் பட்டியல்கள் நூற்றில் எத்தனையில் சிட்டுக்குருவி இருந்தது என்று கணக்கிட்டு, பத்தாண்டுக்குப் பின் அந்த விகிதம் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியும். வெறும் படங்களின் எண்ணிக்கையை வைத்து இதைச் செய்ய முடியாது. கைப்பேசிகள் பெருகியதால் படங்கள் பெருகினவா, பறவைகள் பெருகியதால் பெருகினவா என்று பிரித்தறிய வழியில்லை. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்கர்களின் ஏறத்தாழ மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை அறிவியலாளர்கள் அல்லர். நீங்கள் வசிக்கும் கேரளத்திலேயே 2015 முதல் 2020 வரை, மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஈரப் பருவத்தில் ஒருமுறையும் வறண்ட பருவத்தில் ஒருமுறையும் தன்னார்வலர்கள் நடந்து சென்று 25,000க்கும் மேற்பட்ட பட்டியல்களை எழுதி, பறவை வரைபடம் ஒன்றை உருவாக்கினார்கள். எந்தக் கட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் முன்கூட்டியே தீர்மானித்ததுதான் அதன் சிறப்பு. மக்கள் தாமாக முன்வந்து செய்யும் வேலையும் கண்டிப்பான முறைமையோடு நடக்க முடியும் என்பதற்கு மாணவர்களிடம் நான் எடுத்துச்சொல்லும் முதல் உதாரணம் அதுவே.

உங்கள் ஊர் இருக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய்க்கு அடுத்து உயிரியலாளர்கள் அதிகம் பேசுவது, உங்கள் ரயிலும் பேருந்தும் கடக்கும் செங்கோட்டைக் கணவாயைத்தான். அச்சன்கோவில் கணவாய் என்றும் அதைச் சொல்வார்கள். அதற்குத் தெற்கே அகத்தியமலைத் தொடரின் உயர்ந்த சோலைகளில் வாழும் சிரிப்பான் பறவை ஓர் இனம். வடக்கே பழனி, மூணாறு மலைகளில் வாழ்வது வேறோர் இனம். சோலைக்கிளி என்று ஆய்வாளர்கள் அழைக்கும் நீலநிறச் சிறு பறவைக்கும் இதுவே நிலை. மலைச்சிகரங்களை விட்டு இறங்காத இந்தப் பறவைகளுக்கு, நாம் அரைமணி நேரத்தில் கடக்கும் தாழ்நிலம் பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்க முடியாத இடைவெளியாக இருந்திருக்கிறது. தெற்கில் வாழும் சோலைக்கிளி தனி இனம் என்று டி.என்.ஏ, உருவம், பாட்டு ஆகியவற்றை ஒப்பிட்டு அறிவிக்கப்பட்டது 2017இல்தான். அதாவது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில். ஆரியங்காவின் உயரத்தில் இந்தப் பறவைகளை நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆனால் தாழ்நிலத்தில் வாழும் பூச்சிகளிலும் பறவைகளிலும் எவை மேற்கின் ஈரக் காட்டோடு நின்றுவிடுகின்றன, எவை சாரல் மாதங்களில் கிழக்கே புளியரை வயல்வரை இறங்குகின்றன, எவை செங்கோட்டை தாண்டித் தென்காசியின் வெயிலிலும் தங்குகின்றன என்று மாதந்தோறும் பார்த்து எழுத, தினமும் அந்த வழியாகப் போய்வரும் ஒருவரைவிடப் பொருத்தமானவர் வேறு யார் இருக்க முடியும்? வெளியூர் ஆய்வாளர் விடுமுறையில் வந்து நான்கு நாள் பார்த்துவிட்டுப் போவார். ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவர் நீங்கள்.

அதைச் செய்யும்போது மாநில எல்லையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈபேர்ட் தளத்தில் அரிதான பறவைகளைச் சரிபார்ப்பவர்கள் பகுதிவாரியாகப் பிரிந்திருக்கிறார்கள். கொல்லம் மாவட்டத்தில் இயல்பான பறவை தென்காசி மாவட்டத்தில் அரிதாக இருக்கலாம். ஆகவே எல்லையில் உள்ள கோட்டைவாசலைத் தாண்டும்போது ஒரு பட்டியலை முடித்துவிட்டு மறுபக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து கண்டவற்றை முழுப் பட்டியலாக எழுதாதீர்கள், தற்செயல் பதிவாக மட்டும் குறியுங்கள். இருக்கையில் அமர்ந்தபடி காணக் கிடைப்பது பாதிதான். ஆரியங்காவில் வீட்டருகே ஓர் இடம், கல்லூரிக்கு அருகே ஓர் இடம் என இரண்டைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இரண்டிலும் ஒரே கால அளவு நின்று பார்த்தால், ஓராண்டில் ஒப்பிடத்தக்க தரவு உங்கள் கையில் இருக்கும்.

பறவையும் பூச்சியும் பறந்து ஓடிவிடுகின்றன என்று சலிப்பு வந்தால் மரத்துக்கு மாறலாம். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரந்தோறும் அதன் தளிர், பூ, காய் ஆகியவை இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று மட்டும் பதிந்தால் போதும். கேரளப் பள்ளிகள் பல அதில் பங்கேற்றுவருகின்றன. வீட்டுக்கு அருகில் கொன்றை இருந்தால் அதையே எடுங்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை மாதங்களுக்கு முன்பே பூத்துவிடுகிறது என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். அது உண்மையா, எந்த ஆண்டில் எத்தனை வாரம் முன்னே என்று சொல்ல, எழுதிவைத்த குறிப்பு வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெயருக்கான பெட்டியில் அறிவியல் பெயர் இருந்தால் உலகில் எவருக்கும் புரியும். குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் ஊரில் வளர்ந்தவருக்கு மலையாளமும் வரும் என்பதால், இரண்டு பக்கத்து நோக்கர்களிடமும் தயக்கமின்றிப் பேச உங்களால் முடியும். அந்த வாய்ப்பு சென்னையிலோ எர்ணாகுளத்திலோ இருப்பவருக்கு எளிதில் அமைவதில்லை.

உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவருக்கு முன்னால் குழுவைத் திறந்து என்ன பேசுகிறார்கள் என்று காட்டுங்கள். தளத்தில் முழுப் பெயரும் சொந்தப் படமும் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டு முற்றத்தில் எடுத்த படங்களுக்கு இடத்தை மறைத்துக் காட்டும் வசதி உண்டு; ஐநேச்சுரலிஸ்டில் அதைத் தேர்ந்தால், துல்லியமான புள்ளிக்குப் பதிலாக ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் பக்க அளவுள்ள ஒரு பரப்பு மட்டுமே பிறருக்குத் தெரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நீங்கள் தனியாக நிற்பீர்கள் என்பது எந்நேரமும் பொதுவெளியில் தெரியும்படி இருக்கக் கூடாது. பதிவை மாலையிலோ மறுநாளோ ஏற்றலாம், இயன்றவரை தோழியோடு செல்லுங்கள். பேச்சு பொதுவில் நடக்கட்டும். தனிச்செய்தியில் கைப்பேசி எண்ணோ சந்திப்போ கேட்பவருக்கு, அவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியதில்லை.

தனிச்செய்தியில் வரும் இன்னொரு வகைக் கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். தேவாங்கு, நட்சத்திர ஆமை, அரிய ஆர்க்கிட் போன்றவற்றை நீங்கள் பதிவிட்டால், சரியான இடம் எது என்று அன்பாகக் கேட்டு யாராவது எழுதக்கூடும். கேட்பவர்களில் பலர் ஆர்வலர்களே. ஆனால் பிடித்து விற்பவரும் அதே சொற்களில்தான் கேட்பார். ஆபத்திலுள்ள இனங்கள் பலவற்றின் இடத்தைத் தளமே தானாக மறைத்துவிடுகிறது, ஆனால் நீங்கள் வாயால் சொல்லிவிட்டால் அந்த மறைப்பு வீண். இதில் மட்டும் நட்புக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். குழுவில் உள்ள நல்லவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படங்களின் உரிமை உங்களுடையதே. ஐநேச்சுரலிஸ்ட் தொடக்கத்தில் தரும் உரிமம், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு வணிகமல்லாத பயன்பாட்டுக்குப் பிறர் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதை மாற்றி எல்லா உரிமையையும் உங்களிடமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் படத்தோடு பதிவின் உரிமத்தையும் அப்படி மாற்றினால் அந்தப் பதிவு உலகத் தரவுத்தொகுப்புக்குச் செல்லாது. அறிவியல் மாணவி என்ற முறையில் முதல் தெரிவையே வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஆய்வுத்திட்டம் செய்ய வேண்டியிருக்கும். இப்போதே தொடங்கினால் அதற்குள் உங்கள் இரண்டு இடங்களின் ஓராண்டுத் தரவு சேர்ந்துவிடும். துறைத் தலைவரிடம் இதைச் சொல்லி, எந்த வாரம் விடுபட்டது, எந்தப் பெயர் பின்னர் திருத்தப்பட்டது என்ற குறிப்புகளோடு ஒரு நோட்டைத் தனியாகப் பேணுங்கள். தளம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் அன்றன்று கையால் எழுதிய குறிப்புக்கு அது மாற்றாகாது. செந்துருணி சரணாலயம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று முன் அனுமதி இல்லாமல் உள்ளே போய்விடாதீர்கள். சாலையோரம், ஆற்றங்கரை, தோட்ட எல்லை, வயல்வரப்பு ஆகியவையே முதலாண்டுக்குத் தாராளம். பூச்சியைப் பிடித்துக் குத்திவைப்பதும் வேண்டாம்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன, உங்கள் கேள்விகளுக்குப் படமே போதும். சரணாலயத்துக்குள் பார்த்தே ஆக வேண்டிய கேள்வி ஒன்று பின்னர் எழுந்தால், கல்லூரி வழியாகக் கேரள வனத்துறைக்கு எழுத்துபூர்வமாக விண்ணப்பியுங்கள்; அனுமதி வர மாதங்கள் ஆகலாம் என்பதால், அந்தக் கடிதம் ஆய்வுத்திட்டம் தொடங்குவதற்கு ஒரு பருவம் முன்பே போய்ச் சேர வேண்டும்.